போட்டி அதிகமா இருக்கற பிரைவேட் ஸ்கூல் உங்க பிள்ளைக்கு ஒத்து வருமா? எந்த வரிசையில பாத்து முடிவெடுக்கறதுன்னு ஒரு முழு வழிகாட்டி

இந்த விஷயத்துல தகவல் தெரியாம யாரும் தடுமாறலை, வரிசை மாறித்தான் தடுமாறறாங்க. ஃபார்ம் வாங்கறது, டெஸ்ட்டுக்கு உக்கார வைக்கறது, சீட் கிடைச்சதும் சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்றது, ஃபீஸ் கட்டறது, அப்புறம் ஆறு மாசம் கழிச்சு பிள்ளை முகம் வாடினப்பதான் இது இவனுக்கு ஒத்து வருமான்னு யோசிக்கறது. சீட் கைக்கு வந்துட்டா யாராலயும் நிதானமா யோசிக்க முடியாது, இத்தனை பேர்ல நம்ம பிள்ளைக்குக் கிடைச்சிருக்கேங்கற சந்தோஷமே பாதி முடிவை எடுத்துடும். அதனாலதான் கீழ இருக்கற வரிசையில டெஸ்ட் கிட்டத்தட்ட கடைசியில வருது.

எங்க வீட்டுல ரெண்டு பிள்ளைங்க. ஒரே ஸ்கூலை ரெண்டு பேருக்கும் பாத்தோம், மூத்தவளுக்கு வேணாம், சின்னவனுக்குச் சரின்னு முடிவாச்சு. அதுக்கப்புறம் தெரிஞ்சவங்க பல பேரோட உக்காந்து இதே வேலையைப் பண்ணியிருக்கேன். போட்டி ஸ்கூல்னு நான் சொல்றது டெஸ்ட் வச்சு ஆள் எடுக்கற, ரேங்க் பாக்கற, ரிசல்ட்டை போர்டு போட்டுக் காட்டற பிரைவேட் ஸ்கூலைத்தான்.

1. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

முதல்ல நேரம். அட்மிஷன் தேதிக்கு ஒரு வருஷம் முன்னாடி ஆரம்பிச்சா நிதானமா பாக்கலாம், ஆறு மாசம்னா சமாளிக்கலாம், ஒரு மாசம்னா நீங்க எதையும் முடிவு பண்ணப் போறதில்ல, ஸ்கூல்தான் முடிவு பண்ணும்.

ரெண்டாவது, பிள்ளையோட கடந்த ரெண்டு வருஷ ரிப்போர்ட் கார்டு, கூடவே நோட்டுப் புத்தகம். கார்டுல வெறும் மார்க்தான் தெரியும், நோட்டுலதான் பிள்ளை எங்க நிக்கறான்னு தெரியும், எந்தப் பாடத்துல அடிச்சு அடிச்சு எழுதியிருக்கான், எதுல பாதியில விட்டிருக்கான், டீச்சர் திருத்தினதை மறுபடி பாத்தானா இல்லையா எல்லாம்.

மூணாவது, ஒரு வாரத்துக்கு ஒரு சின்னக் கணக்கு: எத்தனை மணிக்கு எழுந்தான், எத்தனை மணிக்குத் தூங்கினான், ஹோம்வொர்க்குக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு நேரம் யாரும் சொல்லாம தானா ஒரு வேலை பண்ணினான். நாலாவது படியில இது வேணும், அப்ப போய் ஞாபகத்துலேருந்து எழுதினா எல்லாம் நமக்குச் சாதகமாத்தான் வரும்.

2. ஏன் மாத்தணும்னு தனித்தனியா எழுதுங்க

அப்பா ஒரு பேப்பர்ல, அம்மா ஒரு பேப்பர்ல, ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் பாக்காம. ரெண்டே வரி போதும். சேர்ந்து பேசினா சத்தமா பேசறவங்க காரணம்தான் ரெண்டு பேர் காரணமாவும் ஆயிடும், அதுக்காகத்தான் தனித்தனியா.

எழுதினதும் பக்கத்துல வச்சுப் படிங்க. பெரும்பாலும் மூணு வகை காரணம் வரும். பிள்ளைக்கு இப்ப இருக்கற பாடம் பத்தலை, போரடிக்குதுன்னு ஒண்ணு. இப்ப இருக்கற ஸ்கூல்ல ஒரு பிரச்சினை, அதான் ஓடணும்னு ஒண்ணு. அக்கா பிள்ளைங்க, ஆபீஸ்ல இருக்கறவங்க பிள்ளைங்க எல்லாம் அங்கதான் போகுதுன்னு ஒண்ணு.

முதல் வகைன்னா மேல படிங்க. ரெண்டாவது வகைன்னா முதல்ல இப்ப இருக்கற ஸ்கூல் டீச்சரைப் போய்ப் பாருங்க, ஒரு கணக்கு டீச்சர் சரியில்லைங்கறதுக்காக ஸ்கூலையே மாத்தறவங்க நிறைய, அடுத்த வருஷம் அந்த டீச்சரே மாறிடுவாரு. மூணாவது வகையை யாரும் அப்படியே எழுத மாட்டாங்க, 'நல்ல சூழல்', 'நல்ல எக்ஸ்போஷர்'னு எழுதுவாங்க. அந்த மாதிரி வார்த்தை வந்தா 'அப்படின்னா என் பிள்ளைக்கு தினமும் என்ன கிடைக்கும்?'னு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க, பதில் வரலைன்னா அந்தக் காரணத்தை அடிச்சுடுங்க.

3. ஸ்கூலைப் பாக்கறதுக்கு முன்னாடி பிள்ளையைப் பாருங்க

இந்தப் படியைத்தான் அதிகம் பேர் தாண்டிப் போறாங்க, 'எங்க பிள்ளையை எங்களுக்குத் தெரியாதா'ன்னு. தெரியும், ஆனா இப்ப இருக்கற கிளாஸ்ல இருக்கற பிள்ளையைத்தான் தெரியும்.

ஒரு விஷயத்தை மனசுல வாங்கிக்கணும். டெஸ்ட் வச்சு எடுக்கற ஸ்கூல்ல எல்லாரும் அவங்கவங்க பழைய கிளாஸ்ல முதல் அஞ்சுக்குள்ள இருந்தவங்க. அவங்க நாப்பது பேரை ஒரே ரூம்ல உக்கார வச்சா அதுல இருபது பேர் பாதிக்குக் கீழதான் வந்தாகணும், வேற வழியே கிடையாது. உங்க பிள்ளை அந்த இருபதுல ஒண்ணா இருந்தா என்ன ஆகும்ங்கறதுதான் கேள்வி. என்னைக் கேட்டா இந்த மொத்த வழிகாட்டியுமே அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடறதுதான்.

இது சும்மா பயமுறுத்தறது இல்ல. ஹெர்பர்ட் மார்ஷ்னு ஒரு கல்வி உளவியல் ஆராய்ச்சியாளர் 1980கள்லேருந்து இதைப் பத்தி எழுதியிருக்காரு, ஒரே அளவு திறமை உள்ள ரெண்டு பிள்ளைங்கள்ல கெட்டிக்காரங்க நிறைஞ்ச ஸ்கூல்ல படிக்கற பிள்ளை 'நான் படிப்புல சுமார்தான்'னு தன்னைக் குறைச்சு நினைக்குது. சின்னக் குளத்துப் பெரிய மீன்னு அதுக்குப் பேரே வச்சுட்டாங்க, பல நாடுகள்ல திரும்பத் திரும்பப் பாத்த விஷயம். சில பிள்ளைங்களுக்கு அது உறைக்கவே உறைக்காது, சிலதுக்கு உயிர்நாடியையே தொடும்.

உங்க பிள்ளை எந்த ரகம்னு கண்டுபிடிக்க வீட்டுலயே ஒண்ணு பண்ணலாம். அவன் கிளாஸை விட ஒரு வருஷம் மேல இருக்கற கணக்குல ரெண்டு மூணைக் கொடுத்துட்டு, டெஸ்ட்னு சொல்லாம, நீங்க பக்கத்துல வேற வேலை பாத்துக்கிட்டே கவனிங்க. விடை வருதா வராதாங்கறதை விட்டுடுங்க. எங்க வீட்டுல சின்னவன் மூணு தடவை தப்பாப் போட்டுட்டு பேப்பரைத் திருப்பி அந்தப் பக்கம் படம் வரைஞ்சு பாத்தான், அப்புறம் 'இது இன்னும் சொல்லித் தரலை, நாளைக்குக் கேக்கறேன்'னு மடிச்சு பைக்குள்ள வச்சுக்கிட்டான். மூத்தவள் அதே வயசுல முதல் வரி சரியா வராததும் ரப்பரால அழிச்சு அழிச்சு பேப்பர்ல ஓட்டையே விழுந்துடுச்சு, கேட்டா 'ஒண்ணுமில்ல, முடிச்சுட்டேன்'னா. மார்க் அவளுக்குத்தான் அதிகம். ஆனா தெரியாதுங்கறதை வெளிய சொல்ல அவளுக்கு இன்னும் கொஞ்சம் வயசு வேணும்னு எங்களுக்குப் பட்டுச்சு.

இன்னும் சிலதும் பாருங்க. விளையாட்டுல தோத்தா எவ்வளவு நேரத்துல சரியாகறான்? அடுத்தவன் மார்க்கைக் கேக்கறானா, கேட்டா அதுல குஷியாகறானா சுருங்கிப் போறானா? தானா உக்காந்து செய்யற விஷயம்னு ஏதாவது இருக்கா?

ரொம்பச் சின்னப் பிள்ளைன்னா ஒரு விஷயம் கூட. ஒரே கிளாஸ்ல மூத்ததுக்கும் இளையதுக்கும் கிட்டத்தட்ட ஒரு வருஷம் வித்தியாசம் இருக்கலாம், அஞ்சு வயசுல அது வாழ்க்கையில அஞ்சுல ஒரு பங்கு. அந்த வயசுல வர்ற மார்க்குல பிறந்த மாசமும் பேசுது, போகப் போக அந்த வித்தியாசம் குறையும். அதனால நாலு அஞ்சு வயசுல 'இவன் போட்டி போடற ரகம்', 'இவன் இல்ல'ன்னு முத்திரை குத்தாதீங்க, முடிஞ்சா நடுநிலை வகுப்பு வரைக்கும் தள்ளிப் போடுங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

படிக்கறதுல, எழுதறதுல, கவனத்துல பிள்ளைக்கு ஏதாவது சிரமம் இருக்குதுன்னு சந்தேகம் இருந்தா அட்மிஷனுக்கு முன்னாடியே தகுந்தவங்ககிட்ட காட்டிடுங்க. சேர்த்த பிறகு தெரிஞ்சா சில ஸ்கூல் உதவி பண்ணும், சில ஸ்கூல் மெதுவா வாசலைக் காட்டும்.

4. கடிகாரக் கணக்கு

பணக் கணக்குக்கு முன்னாடி இதைப் போடணும், பணத்தைக் கடன் வாங்கலாம், தூக்கத்தைக் கடன் வாங்க முடியாது.

அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி சொல்ற அளவு இது: 6லேருந்து 12 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு 9லேருந்து 12 மணி நேரம், 13லேருந்து 18 வயசுக்கு 8லேருந்து 10 மணி நேரம். இப்ப ஒரு பதிமூணு வயசுப் பொண்ணுக்குப் போட்டுப் பாருங்க. தூக்கம் 9. ஸ்கூல் 8. போக ஒண்ணு வர ஒண்ணு 2. ஹோம்வொர்க்கும் டெஸ்ட்டுக்குப் படிக்கறதும் 3. இதுவே 22 ஆச்சு. குளிக்க, சாப்பிட, கிளம்ப ஒண்ணரை மணி. மிச்சம் அரை மணி நேரம், அதுல விளையாட்டு, பாட்டு, தம்பியோட சண்டை, சும்மா உக்காந்திருக்கறது எல்லாம்.

இந்தக் கணக்கை ஸ்கூல் சொல்ற நேரத்தை வச்சுப் போடாதீங்க, 'ஹோம்வொர்க் ஒரு மணி நேரம்தான் சார்'னு எல்லாருமே சொல்லுவாங்க. ஏழாவது படியில உள்ள இருக்கற பெற்றோர் சொல்ற நேரத்தை வச்சு மறுபடி போடுங்க. பயண நேரமும் மேப்ல காட்டற நேரமில்ல, வேன் நாலு இடத்துல நின்னு சுத்திப் போற நேரம்.

கணக்கு இடிச்சா முதல்ல வெட்டுப்படறது தூக்கம்தான், எல்லா வீட்டுலயும். மிச்சம் ஒரு மணி நேரத்துக்குக் கீழ வந்தா அந்த ஸ்கூலை லிஸ்ட்ல கடைசிக்குத் தள்ளுங்க.

5. பணக் கணக்கு, மொத்த வருஷத்துக்கும்

முதல் வருஷ ஃபீஸை பன்னெண்டால பெருக்கிட்டு 'தாங்கும்'னு சொல்றவங்கதான் அதிகம். ஃபீஸ் வருஷா வருஷம் ஏறும். வருஷத்துக்கு 10 சதவீதம் ஏறுதுன்னு வச்சுக்கிட்டா பன்னெண்டு வருஷத்துக்கு மொத்தம் முதல் வருஷ ஃபீஸ் மாதிரி 21 மடங்குக்கு மேல வரும், பன்னெண்டு மடங்கு இல்ல. கடைசி வருஷ ஃபீஸ் மட்டும் முதல் வருஷத்து ஃபீஸைப் போல கிட்டத்தட்ட 2.85 மடங்கு. 8 சதவீதம்னாலும் ஒன்பது வருஷத்துல ரெண்டு மடங்கு ஆயிடும். கடந்த அஞ்சு வருஷ ஃபீஸ் என்னன்னு ஸ்கூல்ல கேட்டு வாங்கி, எவ்வளவு ஏறியிருக்குன்னு பாத்துட்டு உங்க கணக்கைப் போடுங்க.

இதுக்கு மேல வேன், யூனிஃபார்ம், புக்ஸ், டூர், போட்டித் தேர்வு ஃபீஸ், அப்புறம் முக்கியமா வெளி டியூஷன். அவ்வளவு ஃபீஸ் கட்டியும் பாதி கிளாஸ் வெளிய டியூஷன் போகுதுன்னா அந்தச் செலவையும் ஃபீஸ்லதான் சேக்கணும். ரெண்டாவது பிள்ளை இருந்தா அதுக்கும் சேர்த்து, ஒருத்தனை அங்க போட்டுட்டு இன்னொருத்தியை இங்க போடறோம்னா ஏன்னு அவளுக்குச் சொல்ற பதிலையும் யோசிச்சு வச்சுக்கங்க.

ஸ்காலர்ஷிப் கிடைச்சா எதை வச்சு அது தொடரும்னு எழுத்துல கேளுங்க. வருஷா வருஷம் இத்தனை மார்க் எடுத்தாதான்னு இருந்தா, பிள்ளை ஒவ்வொரு பரீட்சையும் வீட்டுச் செலவைத் தூக்கிக்கிட்டு எழுதப் போறான்னு அர்த்தம். சில பிள்ளைங்க அதையும் தாங்கும், ஆனா தெரிஞ்சு சம்மதிக்கணும்.

நடுவுல நிறுத்தினா எவ்வளவு திரும்பக் கிடைக்கும், எத்தனை நாள் முன்னாடி சொல்லணும், இதையும் இப்பவே கேட்டு வச்சுக்கங்க, அப்ப கேட்டா யாரும் சிரிச்ச முகமா சொல்ல மாட்டாங்க.

6. ரிசல்ட் போர்டைப் படிக்கற விதம்

வாசல்ல பெரிய போர்டு, இருபது முப்பது முகம், கீழ மார்க். அதுல இல்லாததுதான் நமக்கு வேணும்: மொத்தம் எத்தனை பேர் எழுதினாங்க, அந்த பேட்ச் சேரும்போது எத்தனை பேர், கடைசி வருஷத்துக்குள்ள எத்தனை பேர் போயிட்டாங்க, எத்தனை பேர் வெளியிலேருந்து மேல் வகுப்புல நேரா வந்து சேர்ந்தாங்க. சுமாரா படிக்கறவங்களை தேர்வுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி அனுப்பிட்டா எந்த ஸ்கூலும் நூத்துக்கு நூறு காட்டலாம்.

அதைவிடப் பெரிய விஷயம், ஏற்கனவே நல்லா படிக்கறவங்களைப் பொறுக்கி எடுத்தா ரிசல்ட் நல்லாத்தான் வரும், அதுல ஸ்கூலோட பங்கு எவ்வளவு? அமெரிக்காவுல பாஸ்டன், நியூயார்க் ரெண்டு இடத்துலயும் நுழைவுத் தேர்வு வச்சு எடுக்கற பேர் போன ஸ்கூல்களை எடுத்து, கட் ஆஃப் மார்க்குக்குக் கொஞ்சம் மேல வந்து சேர்ந்தவங்களையும் கொஞ்சம் கீழ வந்து தவறினவங்களையும் ஒப்பிட்டுப் பாத்தாங்க, 2014ல வெளியான ஆராய்ச்சி. ரெண்டு பக்கமும் பின்னாடி எடுத்த டெஸ்ட் மார்க்குல பெரிசா வித்தியாசமே இல்ல. அது அரசு நடத்தற ஸ்கூல்தான், இருந்தாலும் பொறுக்கி எடுக்கற எந்த ஸ்கூல் போர்டைப் பாக்கும்போதும் இது ஞாபகத்துல இருக்கட்டும். பல நாட்டுப் பதினஞ்சு வயசுப் பிள்ளைங்களை ஒப்பிட்டுப் பாக்கற பீசா (PISA) தேர்வுலயும் இதே கதைதான், வீட்டு வசதியைக் கணக்குல எடுத்ததும் பிரைவேட் ஸ்கூல்களுக்கு இருக்கற மார்க் முன்னிலை பெரும்பகுதி காணாமப் போயிடுது.

அதுக்காக ஸ்கூலால ஒரு பிரயோஜனமும் இல்லைன்னு சொல்ல வரலை. நல்ல லேப், ஆழமா சொல்லித் தர்ற டீச்சர், தன்னை மாதிரியே கணக்குப் பைத்தியமான நாலு ஃப்ரெண்ட்ஸ், இதெல்லாம் மார்க்குல தெரியாது, ஆனா சில பிள்ளைக்கு அதுதான் எல்லாம். நீங்க அந்தக் காசை எதுக்குக் கொடுக்கறீங்கன்னு தெரிஞ்சு கொடுங்கன்னுதான் சொல்றேன்.

7. நேர்ல போறது, ரெண்டு தடவை

முதல் தடவை அவங்க கூப்பிடற நாள்ல, பிள்ளை இல்லாம. பிள்ளையைக் கூட்டிட்டுப் போனா அது நீச்சல் குளத்தைப் பாத்து மயங்கிடும், அப்புறம் வேணாம்னு சொல்றது கஷ்டம்.

சுத்திக் காட்டும்போது கட்டடத்தை விட்டுட்டு சுவரைப் பாருங்க. நோட்டீஸ் போர்டுல ரேங்க் லிஸ்ட் பேரோட ஒட்டியிருக்கா, எல்லாப் பேருமா முதல் பத்தா? நான் பாத்த ஒரு ஸ்கூல்ல முதல்லேருந்து கடைசி வரைக்கும் எல்லாப் பேரும் ஒட்டியிருந்துச்சு, கடைசி நாலு வரி மட்டும் யாரோ நகத்தால சுரண்டி பேர் படிக்க முடியாம இருந்துச்சு. அதுக்கு மேல அங்க எனக்குக் கேக்க வேண்டியது எதுவும் இல்ல.

பிரின்சிபல்கிட்டயோ அட்மிஷன் மேடம்கிட்டயோ கேக்க வேண்டிய கேள்விகள்ல முதல்ல இது: 'போன டெர்ம்ல கிளாஸ்ல கடைசி பத்து பேருக்கு என்ன பண்ணினீங்க?' பொதுவா 'ஸ்லோ லேர்னர்ஸுக்கு என்ன செய்யறீங்க'ன்னு கேட்டா எல்லாருக்கும் மனப்பாடமா ஒரு பதில் இருக்கும், போன டெர்ம்னு கேட்டா நடந்ததைச் சொல்லியாகணும். நல்ல ஸ்கூல்ல 'ரெண்டு பேருக்கு வாரத்துல ரெண்டு நாள் கணக்கு மேடம் லஞ்ச்ல உக்காந்தாங்க, ஒருத்தன் சரியாயிட்டான், ஒருத்தி இன்னும் வரா'ன்னு ஆள் கணக்கா வரும். 'எங்ககிட்ட அப்படி யாரும் இல்ல மேடம், எல்லாருமே டாப்பர்ஸ்'னு பதில் வந்தா குறிச்சு வச்சுக்கங்க. கடைசி பத்து பேர் இல்லாத கிளாஸே கிடையாது.

அப்புறம், போன வருஷம் எத்தனை டீச்சர் போனாங்க, செக்ஷனை மார்க் வச்சுப் பிரிக்கறீங்களா, பிரிச்சா எத்தனை மாசத்துக்கு ஒருக்கா மாத்தறீங்க, டெஸ்ட் வந்தா விளையாட்டு பீரியடை எடுத்துக்கறீங்களா, கவுன்சலர் முழுநேரமா இருக்காரா, பிள்ளை தானா போய்ப் பாக்கலாமா, டீச்சர் வழியாத்தான் போகணுமா. கவுன்சலர் கேள்வியை 'நம்ம பிள்ளைக்கு எதுக்கு'ன்னு விட்டுடாதீங்க. சுனியா லூதர்ங்கற உளவியல் ஆராய்ச்சியாளர் அமெரிக்காவுல நல்ல ரிசல்ட் காட்டற ஸ்கூல் பிள்ளைங்களைப் பல வருஷம் கவனிச்சு, அவங்ககிட்ட பதட்டமும் மனச்சோர்வும் சராசரியை விட அதிகமா இருக்குன்னு எழுதியிருக்காங்க. அழுத்தம் இருக்கற இடத்துல அதைத் தாங்கிக்கற ஏற்பாடும் இருக்கணும், இல்லாட்டி பிள்ளையே தாங்கணும்.

ரெண்டாவது தடவை யாருக்கும் சொல்லாம, ஸ்கூல் விடற நேரத்துக்கு வாசல்ல போய் அரை மணி நேரம் நில்லுங்க, முடிஞ்சா டெஸ்ட் இருக்கற நாள்ல. பெல் அடிச்சதும் ஓடி வருதுங்களா, கூட்டமா பேசிக்கிட்டு வருதுங்களா, வண்டியில ஏறினதும் கேக்கற முதல் கேள்வி என்ன. அம்மா அப்பாக்கள் 'எவ்வளவு?'னு கேக்கறாங்களா, 'அவனுக்கு எவ்வளவு?'ன்னு கேக்கறாங்களா. ஸ்கூல் எவ்வளவு நல்லதா இருந்தாலும் உங்க பிள்ளை வளரப் போறது இந்த வாசல்ல நிக்கறவங்க பிள்ளைங்களோடதான்.

அதே வாசல்ல மூணு பெற்றோரைப் பிடிங்க. நல்லா படிக்கற பிள்ளையோட அம்மா தானா வந்து பேசுவாங்க, அது சுலபம். நடுவுல இருக்கற பிள்ளையோட பெற்றோர் ஒருத்தர், அப்புறம் அங்கேருந்து விலகிப் போன பிள்ளையோட பெற்றோர் ஒருத்தர், இவங்க ரெண்டு பேரையும் தேடித்தான் பிடிக்கணும். விலகினவங்க சொல்றதுல கொஞ்சம் கசப்பு கலந்திருக்கும், அதைக் கழிச்சுட்டுக் கேளுங்க, ஆனா கேளுங்க.

'ஸ்கூல் எப்படிங்க?'ன்னு கேட்டா 'சூப்பர்ங்க'ன்னுதான் வரும், காசு கட்டினவங்க வேற என்ன சொல்லுவாங்க. 'நேத்து ராத்திரி பொண்ணு எத்தனை மணிக்குத் தூங்கினா?', 'போன வாரம் டீச்சர்கிட்ட பேசணும்னா எப்படிப் பேசினீங்க?', 'கடைசியா எப்ப அழுதா?' இப்படிக் கேளுங்க. கிடைச்ச நேரத்தை வச்சு கடிகாரக் கணக்கை மறுபடி போடுங்க.

8. பிள்ளைகிட்ட பேசறது

இது டெஸ்ட்டுக்கு முன்னாடி, நீங்க ரெண்டு பேரும் ஒரு அளவுக்குத் தெளிவானதுக்கு அப்புறம். ரொம்ப முன்னாடியே பேசினா தினமும் அதே பேச்சாப் போயிடும், டெஸ்ட்டுக்கு அப்புறம்னா அது பேச்சே இல்ல, அறிவிப்பு.

சொல்ல வேண்டியதை நேரா சொல்லுங்க: 'அங்க உன்னை மாதிரி நல்லா படிக்கறவங்க நிறைய இருப்பாங்க, நீ பத்தாவதா பதினஞ்சாவதா வரலாம், எங்களுக்கு அது பரவாயில்ல. உனக்கு எப்படி இருக்கும்னு யோசி.' உங்களுக்கு உண்மையிலயே பரவாயில்லைன்னாதான் இதைச் சொல்லணும், இல்லைன்னா முதல் ரிப்போர்ட் கார்டு வர்ற அன்னைக்கு உங்க முகத்துலயே தெரிஞ்சுடும்.

பத்து வயசுக்கு மேலன்னா அவன் 'வேணாம்'னு சொன்னா அதுக்குப் பாதி வோட்டாவது உண்டுன்னு வச்சுக்கங்க. காரணத்தைக் கேளுங்க, ஃப்ரெண்டை விட்டுப் பிரியறதுன்னா அதுக்கு ஒரு வழி யோசிக்கலாம், படிப்பே பயமா இருக்குதுன்னா அது வேற. சில ஸ்கூல்ல ஒரு நாள் கிளாஸ்ல உக்கார வைக்க விடுவாங்க, கேட்டுப் பாருங்க. அன்னைக்குச் சாயங்காலம் 'பிடிச்சுதா?'ன்னு கேக்காம 'லஞ்ச் யார் கூட சாப்பிட்ட?'ன்னு கேளுங்க, மீதி தானா வரும்.

9. நுழைவுத் தேர்வு

ரெண்டு மூணு மாதிரித் தாள் எழுதிப் பாத்தா போதும், கேள்வி எப்படி இருக்கும்னு தெரியறதுக்கு. உள்ள நுழையறதுக்கே ஒரு வருஷம் கோச்சிங் தேவைப்பட்டா உள்ள நிக்கறதுக்கும் கோச்சிங் தேவைப்படும், அது வருஷா வருஷம் தொடரும்.

கிடைக்கலைன்னா பிள்ளைகிட்ட அன்னைக்கே சொல்லிடுங்க, சாதாரணமா. டொனேஷன் கொடுத்து, தெரிஞ்சவங்களைப் பிடிச்சு உள்ள தள்றது பத்தி ஒரே வார்த்தை: வேணாம். கிளாஸ்ல எல்லாரையும் விடக் கீழ நிக்கற இடத்துல காசு கொடுத்துக் கொண்டு போய் நிறுத்தறீங்க.

10. சீட் கிடைச்சதுக்கு அப்புறம்

இங்கதான் 'மூணு நாளைக்குள்ள ஃபீஸ் கட்டணும்'னு மெசேஜ் வரும். அவசரத்துல அண்டாவுக்குள்ள கூட கை போகாதுங்கற மாதிரி, அன்னைக்கு உக்காந்து யோசிச்சா ஒண்ணும் ஓடாது. அதுக்குத்தான் இவ்வளவு வேலையும் முன்னாடியே பண்ணினது. ரெண்டாவது படியில எழுதின ரெண்டு பேப்பரையும் எடுங்க. பிள்ளையைப் பத்திப் பாத்தது, கடிகாரம், பணம், நேர்ல பாத்தது, எல்லாத்தையும் பக்கத்துல வைங்க.

ஒப்பிடும்போது 'அந்த ஸ்கூலா, இப்ப இருக்கறபடியேவா'ன்னு ஒப்பிடாதீங்க. கூடுதலா ஆகப்போற பணத்துல பாதியும் பயண நேரம் மொத்தமும் கையில இருந்தா இப்ப இருக்கற ஸ்கூல்லயே வச்சுக்கிட்டு அவனுக்கு என்ன பண்ணலாம்னு யோசிங்க, நல்ல கணக்கு டீச்சர் ஒருத்தரா, நீச்சலா, செஸ்ஸா, லைப்ரரியா. மூத்தவளுக்கு நாங்க அதைத்தான் எடுத்தோம். சின்னவனுக்கு அதே கணக்கைப் போட்டப்ப, அவன் கேக்கற கேள்விக்கு வீட்டுல எங்களால ஈடு கொடுக்க முடியலை, அவனுக்கு அந்தக் கூட்டம்தான் வேணும்னு தெளிவாத் தெரிஞ்சுச்சு.

சேர்க்கறதுன்னு முடிவானா ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடியே ஒரு பேப்பர்ல எழுதி வைங்க: எந்த மாசம் மறுபடி உக்காந்து பாப்போம், என்னென்ன நடந்தா வெளிய எடுப்போம். இப்ப எழுதலைன்னா அப்புறம் 'இவ்வளவு கட்டிட்டோமே'ங்கற எண்ணம் எழுத விடாது. பழைய ஸ்கூல்ல சண்டை போட்டுட்டு வராதீங்க, திரும்ப எடுத்துக்குவாங்களான்னு கேட்டு வச்சுக்கங்க.

11. முதல் வருஷம் எதைப் பாக்கறது

மார்க் குறையும், அது எதிர்பார்த்ததுதான். முதல் ஒண்ணு ரெண்டு மாசம் சாயங்காலம் களைச்சுப் போய் எரிஞ்சு விழுவாங்க, அதுவும் சகஜம். பழைய ஃப்ரெண்டைப் பத்தியே பேசினாலும் விட்டுடுங்க.

கவனிக்க வேண்டியது வேற. ஸ்கூல் இருக்கற காலையில மட்டும் வயித்து வலி, லீவு நாள்ல இல்ல. மார்க்கை மறைக்கறது, டைரியில கையெழுத்தைத் தானே போட்டுக்கறது. முன்னாடி தானா செஞ்ச விஷயத்தை, வரையறதோ கதை படிக்கறதோ, நேரம் இருந்தும் தொடாம இருக்கறது. 'நான் முட்டாள்'னு வாயில அடிக்கடி வர்றது. இதுல ஏதாவது ஒண்ணு, ரெண்டு மூணு வாரம் தொடர்ந்து நடந்தா டெர்ம் முடியட்டும்னு காத்திருக்காம கிளாஸ் டீச்சரைப் போய்ப் பாருங்க, மார்க்கைப் பத்திப் பேச வேணாம், நடக்கறதை மட்டும் சொல்லுங்க. அப்ப அவங்க சொல்ற பதிலும் அதுக்கப்புறம் ரெண்டு வாரத்துல பண்றதும் எப்படி இருக்குன்னு பாருங்க, ஏழாவது படியில நீங்க கேட்ட 'கடைசி பத்து பேர்' கேள்விக்கு நிஜமான பதில் அதுதான்.

தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைஞ்சு, உயிரோட இருக்கப் பிடிக்கலைங்கற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் ஸ்கூலை அப்புறம் பாத்துக்கலாம், அன்னைக்கே டாக்டர்கிட்டயோ மனநல ஆலோசகர்கிட்டயோ கூட்டிட்டுப் போங்க.

வெளிய எடுக்கறதுன்னா வருஷ நடுவுல எடுக்கறதை விட டெர்ம் முடிவுல எடுக்கறது பாடத்துக்கு நல்லது, ஆனா மேல சொன்ன அளவுக்குப் போயிருந்தா டெர்மைப் பாக்க வேணாம். பிள்ளைகிட்ட 'உன்னால முடியலை'ன்னு சொல்லாதீங்க, 'இந்த ஸ்கூல் நமக்குச் சரிப்படலை, வேற பாக்கலாம்'னு சொல்லுங்க, சொந்தக்காரங்க கேட்டா அவங்களுக்கும் அதே வரியைச் சொல்லுங்க, பிள்ளை காதுல விழற மாதிரி.